கப்பல்கள் திரும்பி வந்த ஊர்

ஜப்பானுக்குப் போக வேண்டியவன் நானல்ல. டென்மார்க்கில், பிரெடெரிசியாவில் நான் வேலை செய்யும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை அங்கிருந்து ஒரு மடிப்பு இயந்திரம் வாங்கியிருந்தது. கப்பலில் ஏற்றுவதற்கு முன் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று நேரில் பார்த்துக் கையெழுத்து வைக்க இரண்டு பேர் போவதாக இருந்தது. மெக்கானிக் ஹென்ரிக்குடன் போகவிருந்தவர் முதுகுப் பிடிப்பென்று படுத்துவிட்டார். நாளைக்கு அந்த இயந்திரத்தை ஓட்டப் போகிறவன் என்பதால் என்னைக் கேட்டார்கள்.

அது 2009 மே மாதம். இலங்கையில் போர் நடந்த வன்னியில் சனம் முழுவதும் கடலோரத்தில் ஒரு துண்டு நிலத்துக்குள் நெருக்கப்பட்டிருந்த நாட்கள். என் தம்பி அன்ரனும் அவன் மனைவி ஜெசிந்தாவும் இரண்டு பிள்ளைகளும் அதற்குள் இருந்தார்கள். கடைசியாக மாசியில் அன்ரன் யாருடையதோ தொலைபேசியில் ஒரு நிமிடம் கதைத்தான். "பங்கருக்குள்ளை இருக்கிறம் அண்ணை, பிறகு எடுக்கிறன்" என்றான். பிறகு எடுக்கவில்லை.

போவதில்லை என்றுதான் நினைத்தேன். என் மனைவி றெஜினா விடவில்லை.

"இஞ்சேருங்கோ, இஞ்சை இருந்து என்ன செய்யப் போறியள்? ரீவிக்கு முன்னாலை கொஞ்ச நேரம், போனுக்கு முன்னாலை கொஞ்ச நேரம். கோபன்ஹேகனிலை பதாகை பிடிச்சும் பாத்தாச்சு. போயிட்டு வாங்கோ. ஏதும் தெரிஞ்சா நான் உடனை எடுப்பன்."

அவள் சொன்னது கோபமா கருணையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெட்டியைக் கட்டினேன்.

கியோத்தோவில் எங்களுக்குத் தந்த ஹோட்டல் அறை, பிரெடெரிசியாவில் எங்கள் வீட்டுக் குளியலறையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கட்டிலில் இருந்தபடியே யன்னலையும் தொடலாம், கதவையும் தொடலாம். முதல் நாள் காலைச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கினால், பெரிய பானையில் ஆவி பறக்கச் சோறு. பக்கத்தில் பொரித்த மீன். இருபது வருடம் டென்மார்க்கில் விடியற்காலையில் கறுத்தப் பாணும் சீஸும் விழுங்கியவனுக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஹென்ரிக் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காலையில் மீனா? நான் பாண் தேடிப் போகிறேன்" என்று வெளியே போனான். நான் தனியாக இருந்து சாப்பிட்டேன். இரண்டாவது கிண்ணம் எடுக்கும்போதுதான் வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று போன கிழமை கேட்டது நினைவுக்கு வந்தது. எடுத்ததைத் திருப்பி வைக்கவும் வழியில்லை.

இயந்திரம் செய்யும் தொழிற்சாலை நகருக்கு வெளியே இருந்தது. வாசலில் நீலச் சீருடையில் ஆறேழு பேர் வரிசையாக நின்று குனிந்தார்கள். எல்லாரும் ஹென்ரிக்கைப் பார்த்துக் குனிந்தார்கள். "டென்மார்க்கிலிருந்து இன்னொருவர் வருவதாகச் சொன்னீர்களே?" என்று தலைமைப் பொறியாளர் அவனைக் கேட்டார். ஹென்ரிக் என் தோளில் கையை வைத்து, "இவர்தான் அந்த டென்மார்க்காரர்" என்றான். அவர்கள் திடுக்கிட்டுத் திரும்ப ஒருமுறை, முன்னதைவிட ஆழமாகக் குனிந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வேலை நாட்கள் ஒன்றுபோலவே போயின. இயந்திரம் அட்டையை எடுத்து, மடித்து, ஒட்டி, தள்ளிவிடும். நாங்கள் குற்றம் சொல்வோம், அவர்கள் சரிசெய்வார்கள். மத்தியானம் பெட்டிச் சோறு. எங்கள் கன்ரீனில் மேசைக்கு மேசை கதையும் சிரிப்பும் கேட்கும். இங்கே எல்லாரும் தத்தம் பெட்டிக்குள் பார்த்தபடி மௌனமாகச் சாப்பிட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

மாலையில் அறைக்கு வந்தால் தொலைக்காட்சி. ஒரு நாள் செய்தியில் கடனீரேரியும் புகையும் தலையில்லாத பனைகளும் சில விநாடிகள் வந்தன. செய்தி வாசித்த பெண் ஏதோ சொன்னாள். கீழே எழுத்துகள் ஓடின. ஒரு சொல் விளங்கவில்லை. நான் எழுந்து திரைக்குக் கிட்டப் போய் நின்றேன். அதற்குள் பேஸ்பால் விளையாட்டு வந்துவிட்டது. றெஜினாவுக்கு எடுத்தேன். "ஒண்டும் தெரியேல்லை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லுகினமில்லை" என்றாள். பக்கத்தில் மகள் டேனிஷில் ஏதோ கேட்டாள். "அப்பாதான், படு" என்று அவளுக்குச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. வடக்கே கடலோரம் பைன் மரங்கள் அடர்ந்த ஒரு மணல் திட்டு இருக்கிறது, நாட்டிலேயே பெயர்போன காட்சி என்று வழிகாட்டிப் புத்தகத்தில் படித்துவிட்டு ஹென்ரிக் இருவருக்கும் ரிக்கெற் எடுத்துவிட்டான். ஞாயிறு பூசைக்குத் தேவாலயம் போக நினைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்து வாய் திறக்கவில்லை.

மழையில் மலைகளுக்குள்ளால் ரயில் போயிற்று. பாதி வழியில் ஒரு சிறிய நிலையத்தில் நின்றபோது தொலைபேசி அதிர்ந்தது. றெஜினாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "உடனை எடுங்கோ." டென்மார்க்கில் அப்போது நடுச்சாமம். பெட்டிக்குள் தொடர்பு கிடைக்காததால் ஜாக்கெட்டைக் கதிரையிலேயே விட்டுவிட்டு மேடையில் இறங்கினேன். ஹென்ரிக் நித்திரை. மேடையில் நடந்து நடந்து எடுத்துப் பார்த்தேன். மணி அடிக்கவேயில்லை. விசில் ஊதியது. கிட்ட இருந்த கதவுக்குள் பாய்ந்து ஏறினேன்.

பெட்டி பெட்டியாக என் இருக்கையைத் தேடி நடந்தேன். கடைசியில் பாதை ஒரு பூட்டிய கதவில் முடிந்தது. கண்ணாடிக்கு அப்பால் சாரதியின் அறை. அதற்கும் அப்பால் வெறும் தண்டவாளம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஹென்ரிக்கும் என் ஜாக்கெட்டும் இருந்த பெட்டிகளைக் காணவில்லை. அந்த நிலையத்தில் ரயிலை இரண்டாகக் கழற்றி, ஒரு பாதியை ஒரு ஊருக்கும் மற்றதை வேறு ஊருக்கும் அனுப்புவார்களாம். ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். யாருக்குக் கேட்டது?

கடைசி நிறுத்தத்தில் இறங்கி ரிக்கெற்றைக் காட்டினேன். நிலையத்துப் பெண், தவறு தன்னுடையது போலப் பலமுறை மன்னிப்புக் கேட்டாள். அடுத்த ரயில் மத்தியானத்துக்குப் பிறகு. றெஜினாவுக்குத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்; அப்போதும் மணி அடிக்கவில்லை. ஹென்ரிக்குக்குச் செய்தி அனுப்பினேன்: "வேறு ஊரில் நிற்கிறேன். நீ பார்த்துவிட்டு வா. மாலை கியோத்தோவில் சந்திப்போம்." மழை விடுவதாக இல்லை. நான் மேற்சட்டையில்லாமல் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்த அந்தப் பெண் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தந்தாள். அதில் ஒரு கப்பலின் படம். மேல்தட்டு முழுக்க மனிதர்கள். "மியூசியம்" என்றாள். பிறகு தன் இரு கைகளையும் தேய்த்து, "வாம்" என்றாள். சூடாக இருக்கும் என்கிறாள். எனக்கு அது போதும். பஸ்ஸில் ஏறினேன்.

மேட்டில் ஒரு கட்டடம். என்னைத் தவிர வேறு பார்வையாளர் இல்லை. உள்ளே போய்ச் சில படங்களைப் பார்த்த பிறகுதான் அது எதைப் பற்றிய அரும்பொருட்சாலை என்று விளங்கியது. இரண்டாவது உலகப் போர் முடிந்தபோது ஜப்பானியச் சிப்பாய்களும் குடும்பங்களும் வெளிநாடுகளில் அகப்பட்டுக்கொண்டார்கள். மஞ்சூரியாவில் சரணடைந்தவர்களைச் சோவியத் படை சைபீரியாவுக்குக் கொண்டுபோய் முகாம்களில் வேலை வாங்கியது. அவர்களில் உயிரோடு மிஞ்சியவர்களைத் திருப்பிக் கொண்டுவந்த கப்பல்கள் இந்தத் துறைமுகத்துக்குத்தான் வந்தன.

கண்ணாடிப் பெட்டியில் கரண்டிகள் இருந்தன. கிடைத்த தகரத்தைத் தட்டிச் சிறைபட்டவர்களே செய்தவை. ஒன்றின் பிடி வளைந்திருந்தது. ஒன்று ஒரு குழந்தையின் கரண்டி அளவுக்குச் சிறியது. அவற்றின் முன்னால் நான் நெடுநேரம் நின்றிருக்க வேண்டும். பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண். அறுபதைத் தாண்டியிருப்பார். மார்பில் ஒரு அட்டை தொங்கியது; வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் தொண்டராம். பெயர் மொரி என்றார். அவருடைய ஆங்கிலத்தில் சொற்கள் ஒவ்வொன்றாக, கழுவி எடுத்து வைப்பதுபோல வந்தன.

"எந்த நாடு?"

"டென்மார்க்."

அவர் தலையாட்டினார். என் முகத்தைப் பார்த்தார். "அதற்கு முன்?"

"இலங்கை."

மொரி அம்மையாரின் முகம் மாறியது. ஒரு விரலை உயர்த்திக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைய பத்திரிகையோடு வந்தார். மடித்த பக்கத்தில் ஒரு சிறிய வரைபடம். பார்த்தவுடன் தெரிந்தது. மாங்காய் போல எங்கள் தீவு. வடகிழக்குக் கரையில் ஒரு கறுப்புப் புள்ளி.

"நீங்கள் படித்தீர்களா?" என்றார்.

"எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. என்ன எழுதியிருக்கிறது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். "அரசாங்கம் சொல்கிறது. போர். முடிந்தது."

"சனம்? அங்கே இருந்த சனத்துக்கு என்ன நடந்ததாம்?"

விரல் திரும்பவும் மேலே போய், ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தது. கடைசி வரியில் நின்றது. இன்னொருமுறை மேலே போனது. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சனத்தைப் பற்றி எழுதவில்லை" என்றார். அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

சுவரோரம் இருந்த வாங்கில் போய் இருந்தேன். அவரும் வந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு இருந்தார். "வீட்டார் அங்கேயா?" என்றார். நான் விரல் மடித்துச் சொன்னேன்: தம்பி. தம்பியின் மனைவி. பத்து வயதில் ஒரு பையன், மூன்று வயதில் ஒருவன். இருபது வருடம் என்னோடு வேலை செய்தவர்களுக்குச் சொல்லாததை, பெயர் தெரிந்து கால் மணி நேரமும் ஆகாத ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர், "தம்பியின் பெயர்?" என்று மட்டும் கேட்டார்.

"அன்ரன்."

"அந்தோன்" என்றார். நான் திருத்தினேன். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, சரியாக வந்த பிறகுதான் விட்டார்.

பிறகு அவர் என்னைக் கட்டடத்தின் மறுபக்கத்துக்குக் கூட்டிப்போனார். யன்னலுக்கு வெளியே மழையில் குடா தெரிந்தது. கீழே கப்பல் வந்து அடையும் மரப்பாலம் ஒன்றைப் பழையது போலவே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதைக் காட்டிக்கொண்டே சொன்னார். அவருடைய தகப்பனும் சைபீரியாவில் இருந்தவர். கப்பல் வருகிறதென்று கேள்விப்படும்போதெல்லாம் தாய், சிறுமியாக இருந்த இவரைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போவாராம். சனம் பெயர் எழுதிய துணிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். இறங்குகிறவர்களிடம் "இவரைக் கண்டீர்களா, இவரைக் கண்டீர்களா" என்று கேட்கும்.

"அப்பா வந்தாரா?"

"வந்தார். எனக்கு ஏழு வயது. ஒரு மெலிந்த ஆள் அம்மாவின் முன்னால் வந்து நின்று குனிந்தார். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எனக்கு அவரைத் தெரியாது. வீட்டில் அவர் முதுகைச் சுவரோடு வைத்துத்தான் சாப்பிடுவார். பாண் துண்டைச் சட்டைக் கைக்குள் ஒளித்து வைப்பார். எனக்குப் பயம். அவரை அப்பா என்று கூப்பிட எனக்கு நெடுநாள் எடுத்தது."

"எவ்வளவு காலத்துக்குக் கப்பல்கள் வந்தன?"

"போர் முடிந்து பதின்மூன்று வருடம்."

நான் அந்தக் கணக்கை மனதில் எங்கே வைப்பது என்று தெரியாமல் குடாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். வராதவர்களின் தாய்மார் என்ன செய்தார்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

மத்தியானம் அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டைகள் இரண்டு. ஒன்றை எனக்கு நீட்டினார். நடுவில் உப்பில் ஊறிய ஒரு பழம். தேசிக்காய் ஊறுகாய் போல ஒரு புளிப்பு. ஒரு கடி கடித்துவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய்ச் சூடான தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முற்றத்துக்கு வந்து திரும்ப எடுத்தபோது றெஜினாவின் தொலைபேசி அடித்தது.

"முடிஞ்சுதாம்" என்றாள். குரல் அழுது அடைத்திருந்தது.

"ஓம். தெரியும்."

"ஆர் சொன்னது உங்களுக்கு?"

"ஒரு மியூசியத்திலை சொன்னவை."

"மியூசியத்திலையோ?" அதற்கு மேல் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "அன்ரன் ஆக்களைப் பற்றி ஒண்டும் தெரியேல்லை. சனம் வெளியிலை வருகுதாம். அவ்வளவுதான். நீங்கள் தனியவோ நிக்கிறியள்?"

நான் திரும்பிப் பார்த்தேன். மொரி அம்மையார் வாசலில் குடையோடு நின்றார்.

"இல்லை" என்றேன்.

பஸ் வரும்வரை அவர் என்னோடு தரிப்பிடத்தில் நின்றார். பஸ்ஸில் ஏறியதும் குனிந்தார். வளைவில் திரும்பும்வரை நிமிரவில்லை.

கியோத்தோ நிலையத்தில் வாயிலுக்கு வெளியே ஹென்ரிக் என் ஜாக்கெட்டைக் கையில் போட்டபடி நின்றான். என் செய்தியைப் பார்த்ததும் அடுத்த நிலையத்திலேயே இறங்கித் திரும்பிவிட்டானாம். "தனியாகப் போய்ப் பைன் மரத்தை என்ன பார்ப்பது?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்ன நடந்தது?" என்றான்.

நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் இருந்து சொன்னேன். பொரித்த கோழி ஆறிப்போனது. அவன் பியரைத் தொடவில்லை.

"உனக்கு அங்கே தம்பி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லை."

"ஆம். நான் கேட்கவில்லை" என்றான்.

பிரெடெரிசியாவுக்குத் திரும்பி முதல் நாள் வேலைக்குப் போனேன். இடைவேளையில் கன்ரீனுக்குள் நுழைந்தால் மேசையில் ஒரு பெரிய கேக். சுற்றிலும் பல்லுக்குச்சியில் ஒட்டிய சின்னச் சின்ன டேனிஷ் கொடிகள். பிறந்தநாள், பிள்ளைப்பேறு, புது வீடு என்று எந்தச் சந்தோஷத்துக்கும் அவர்கள் குத்தும் அதே கொடிகள். பொதி கட்டும் பிரிவுப் பெண் ஒருத்தி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "செய்தி கேட்டோம். உன் நாட்டில் போர் முடிந்துவிட்டதாமே. வாழ்த்துகள்!"

எல்லாரும் கை தட்டினார்கள். நல்ல மனிதர்கள். கேக்கை அவள் தன் வீட்டில் செய்து கொண்டுவந்திருந்தாள். எனக்கு முதல் துண்டு தந்தார்கள். நான் நன்றி சொல்லிச் சாப்பிட்டேன். ஹென்ரிக் பிந்தி வந்தான். மேசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கேக்கில் இருந்த கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் வேலைச்சட்டைப் பைக்குள் போட்டான். அந்தப் பெண் என்ன செய்கிறாய் என்று கேட்டாள். "பிறகு சொல்கிறேன்" என்றான். சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு யாரும் எனக்கு வாழ்த்துச் சொல்லவில்லை.

ஜெசிந்தாவின் குரல் ஆடியில்தான் வந்தது. அகதி முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த தொலைபேசி. அவளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அன்ரன் அவர்களோடு இல்லை.

"பாலம் கடந்து ஆமிப் பக்கம் வந்தாப்பிறகு ஸ்பீக்கரிலை சொன்னவை அத்தான், இயக்கத்திலை ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கோ, விசாரிச்சுப்போட்டு விட்டிடுவம் எண்டு. இவர் இயக்கத்துக்குப் பங்கர் வெட்டத்தானே போனவர். அதையும் சொல்லோணும், ஒளிக்கக் கூடாது எண்டு போனவர். பஸ்ஸிலை ஏத்தினதைக் கண்ணாலை கண்டனான். கை காட்டினவர்."

விட்டுவிடுவார்கள் என்று சொல்ல நா எழவில்லை. பிறகு, ஏன் சொல்லத் தொடங்கினேன் என்று தெரியாமலே, மொரி அம்மையாரைப் பற்றிச் சொன்னேன். கைதானவர்களைப் பற்றி, கப்பலைப் பற்றி, தாயும் மகளும் போய் நின்றதைப் பற்றி.

"அந்தப் பிள்ளை தேப்பனை மட்டுக்கட்டினதோ?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை. ஆளை அடையாளம் தெரியாமல் தாய்க்குப் பின்னாலை ஒளிச்சதாம்."

மறுமுனையில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. "சின்னவனுக்கு மூண்டு வயசு அத்தான்" என்றாள். "இவரின்ரை படம் ஒண்டும் நான் கொண்டு வரேல்லை. எல்லாம் பங்கருக்குள்ளையே போயிட்டுது. உங்களிட்டை இருக்கோ?"

வீடு முழுக்கத் தேடினோம். நான் டென்மார்க்குக்கு வந்தபோது அன்ரனுக்குப் பதினான்கு வயது. அதற்குப் பிறகு நான் அவனை நேரில் கண்டதில்லை. கலியாணப் படம் அனுப்புகிறேன் என்றான். வன்னிப் பாதை போரால் மூடிக் கிடந்த காலம், வந்து சேரவில்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். அரைக்காற்சட்டையோடு, மன்னாரில் எங்கள் வீட்டு வேலிக்கு முன்னால், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எனக்கு அது உறைத்தது: கப்பலிலிருந்து அவன் இறங்கி வந்து முன்னால் நின்றால் நானும் மட்டுக்கட்டமாட்டேன்.

முகாமுக்குள் போய்வரும் ஒரு குருவானவர் மூலமாக அந்தப் படத்தின் பிரதி ஜெசிந்தாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஒரு நாள் எடுத்தாள். அன்ரனைப் பற்றி அப்போதும் ஒரு தகவலும் இல்லை. இதை எழுதும் இன்றுவரையும் இல்லை.

"படம் கிடைச்சது அத்தான். சின்னவனைக் கூப்பிட்டுக் காட்டினனான்."

"என்ன சொன்னவன்?"

"பாத்திட்டு, 'அண்ணா' எண்டவன். பெரியவனும் இப்ப அச்சு அப்பிடித்தானே இருக்கிறான்."

"நீ என்ன சொன்னனீ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். "அந்த முகமெண்டாலும் பழகட்டும்."